'ஸ்மார்ட்' என்றால் வலி! ஆங்கிலச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் வேதனையும் ஏக்கமும்

இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் ஸ்மார்ட்போனின் பெயரிலேயே ஒரு வலி ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'புத்திசாலி' என்ற பொருள் கிடையாது. சுரீரென்று எரிவது, கடுப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். ஜெர்மன் மொழியில் வலியைக் குறிக்கும் 'ஷ்மெர்ட்ஸ்' இதற்கு நெருங்கிய உறவு. முதலில் சுரீரென்று விழும் அடி, பிறகு சுரீரென்று தைக்கும் பேச்சு, அப்படிப் பேசத் தெரிந்த சாமர்த்தியசாலி, கடைசியில் சாமர்த்தியமான கருவி... இப்படிப் பல நூற்றாண்டுகள் நடந்து அந்தச் சொல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

பழைய பொருள் இன்னும் சாகவில்லை. கண்ணில் சோப்பு பட்டு எரிந்தால் 'மை ஐஸ் ஆர் ஸ்மார்ட்டிங்' என்று இன்றும் சொல்வார்கள்.

வலிக்கும் ஏக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இப்படி டஜன் கணக்கில் சொற்கள் இருக்கின்றன. ஆனால், உடம்பு வலி என்றால் 'பெயின்', மன வலி என்றால் 'ஃபீலிங்' என்று இரண்டே சொற்களில் சமாளித்துவிடுபவர்கள்தான் அதிகம். உண்மையில், இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். வெளியூரில், வெளிநாட்டில் டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றலாம்.

தண்டனையில் பிறந்த 'பெயின்'

'பெயின்' என்ற சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் 'போய்னா'. அதற்குப் பொருள் தண்டனை, அபராதம். விளையாட்டில் கொடுக்கும் 'பெனால்டி', பள்ளிக்கூடத்தின் 'பனிஷ்மென்ட்' எல்லாம் இதே குடும்பம்தான். 'வராவிட்டால் தண்டனை' என்று கோர்ட் அனுப்பும் சம்மனுக்கு ஆங்கிலத்தில் 'சப்பீனா' என்று பெயர். அதற்குள்ளும் இதே 'போய்னா' உட்கார்ந்திருக்கிறது.

தாங்க முடியாத வலி வந்தால், 'என்ன பாவம் பண்ணேனோ' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதே எண்ணம்தான் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் உறைந்து கிடக்கிறது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். 'கால் வலிக்குது' என்பதை அப்படியே மாற்றி, 'மை லெக் இஸ் பெயினிங்' என்று இந்தியாவில் பேசுகிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பார்கள். அவர்கள் 'பெயின்' என்பதை வினையாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் மனசுக்குத்தான். 'இதைச் சொல்லவே எனக்கு வேதனையாக இருக்கிறது' என்பதற்கு 'இட் பெயின்ஸ் மீ டு ஸே திஸ்' என்பது சரியான வாக்கியம்.

ஏக், சோர், ஹர்ட், பேங்: என்ன வித்தியாசம்?

ஏக்: விடாமல் நீடிக்கும் மந்தமான வலி. தலைக்கு 'ஹெட்ஏக்', பல்லுக்கு 'டூத்ஏக்', முதுகுக்கு 'பேக்ஏக்', மனசுக்கு 'ஹார்ட்ஏக்'. ஆனால் நெஞ்சுவலிக்கு 'செஸ்ட் பெயின்', மூட்டுவலிக்கு 'நீ பெயின்' என்பதே வழக்கம். 'சி, ஹெச்' எழுத்துகளைப் போட்டுவிட்டு ஏன் 'க்' என்று உச்சரிக்கிறார்கள் என்று குழந்தைகள் கேட்பார்கள். 1755-ல் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்தார். அவர் காட்டிய எழுத்துக்கூட்டல் அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையில் இது பச்சை ஆங்கிலச் சொல்!

சோர்: புண்பட்ட இடத்தின் வலி. தொண்டை கட்டி வலித்தால் 'சோர் த்ரோட்'. முதல் நாள் ஜிம்முக்குப் போய்விட்டு மறுநாள் கையைத் தூக்க முடியாமல் தவிக்கிறீர்களே, அது 'சோர் மசில்ஸ்'.

ஹர்ட்: முட்டுதல், மோதுதல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு சொல்லிலிருந்து வந்தது. வெளியிலிருந்து ஏதோ வந்து மோதிய வலி. அதனால்தான் கல் பட்டாலும் 'ஹர்ட்', யாராவது சுடுசொல் சொன்னாலும் 'ஹர்ட்'.

பேங்: திடீரென்று வந்து பிடித்துவிட்டுப் போகும் வலி. பசியில் வயிற்றைக் கிள்ளுவது 'ஹங்கர் பேங்ஸ்'. செய்த தப்பு நினைவுக்கு வரும்போது மனசுக்குள் சுருக்கென்று குத்துமே, அது 'பேங் ஆஃப் கில்ட்'.

டாக்டர் முன்னால் எந்தச் சொல்?

காதலையும் சோகத்தையும் பாட ஆங்கிலத்தில் அவ்வளவு சொற்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு தலைவலியை டாக்டரிடம் விவரிக்கப் போனால் மொழி வற்றிப்போகிறது என்று 1926-ல் ஒரு கட்டுரையில் குறைபட்டுக்கொண்டார் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப்.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். 1950-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அவர் ஆராய்ச்சி செய்தபோது, சர்க்கரை நோயால் கால்களை இழந்த ஒரு முதிய பெண்மணியைச் சந்தித்தார். இல்லாத கால்களில் அவருக்கு வலி இருந்தது. எரிகிறது, பாய்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது என்று அந்த வலியை அவர் விதவிதமான சொற்களில் சொல்லிக்கொண்டே போனார். மெல்சாக் அவற்றைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். மற்ற நோயாளிகளின் சொற்களும் சேர்ந்தன.

அந்தச் சேகரிப்பு 1975-ல் 'மெக்கில் வலி வினாப்பட்டியல்' என்ற பெயரில் வெளியானது. மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்ததால் அந்தப் பெயர். மொத்தம் 78 சொற்கள், 20 தொகுப்புகள். நோயாளி தன் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல மொழிகளுக்கு மாற்றப்பட்டு இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. 'ஸ்மார்ட்டிங்' அந்தப் பட்டியலில் உண்டு. தண்டிப்பது போன்ற வலி என்ற பொருளில் 'பனிஷிங்' என்ற சொல்லும் உண்டு. ஆக, லத்தீன் காலத்துத் தண்டனை இன்னும் விட்டபாடில்லை!

பட்டியலில் உள்ள சில சொற்களை நம் வீட்டுப் பேச்சோடு பொருத்திப் பாருங்கள்.

விண் விண்ணென்று தெறிக்கிறது: 'த்ராபிங்'. நாடித்துடிப்போடு சேர்ந்து வரும் வலி. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அடிக்கடி சொல்வது.

இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று ஓடுகிறது: 'ஷூட்டிங்'. 

கத்தியால் குத்துவது போல இருக்கிறது: 'ஸ்டாபிங்'.

முறுக்கி முறுக்கிப் பிடிக்கிறது: 'க்ராம்பிங்'. மாதவிலக்கு நாட்களின் வயிற்றுவலிக்கும், இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கும் இதுதான்.

எரிகிறது: 'பர்னிங்'. எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல இருக்கிறது: 'டிங்லிங்'. மரத்துப்போகிறது: 'நம்ப்'.

எலி கொறிப்பது போல உள்ளுக்குள் அரிக்கிறது: 'நாயிங்'.

தொட்டால் மட்டும் வலிக்கிறது: 'டெண்டர்'.

ஓரிடத்தில் ஆரம்பித்துப் பரவுகிறது: 'ரேடியேட்டிங்'.

இவை வெறும் வர்ணனை இல்லை. எரிச்சல், எறும்பு ஊர்வது, மரத்துப்போவது என்று சொன்னால் டாக்டரின் கவனம் நரம்பின் பக்கம் திரும்பும். முறுக்கிப் பிடிக்கிறது என்றால் தசை, குடல், கருப்பை என்று வேறு பக்கம் போகும். 'ரொம்ப பெயின் டாக்டர்' என்று மட்டும் சொன்னால், அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெடிக்கல் ரிப்போர்ட்டில் 'ஆல்ஜியா' என்று முடியும் சொற்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கிரேக்க மொழியில் 'ஆல்கோஸ்' என்றால் வலி. 'மயால்ஜியா' என்றால் தசைவலி, 'ஆர்த்ரால்ஜியா' என்றால் மூட்டுவலி, 'நியூரால்ஜியா' என்றால் நரம்புவலி. மாத்திரை விவரத்தில் பார்க்கும் 'அனால்ஜெசிக்' என்றால் 'வலியில்லாமல் செய்வது'. அவ்வளவுதான்.

'வலி இல்லை' என்று சொல்லும் நெஞ்சுவலி

ஒரு சொல் உயிரோடு விளையாடும் இடம் நெஞ்சு. இதயத்துக்குப் போகும் ரத்தம் குறையும்போது பலருக்கு 'வலி' என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல, கயிறு போட்டு இறுக்கியது போல இருக்கும். 'பெயின் இருக்கா?' என்று கேட்டால், 'இல்லை' என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய சொற்கள் 'ப்ரெஷர்', 'டைட்னெஸ்', 'க்ரஷிங்', 'ஸ்க்வீஸிங்' போன்றவை. இடது கை, தாடை, முதுகு என்று பரவினால் அதையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மூச்சு வாங்குதல், குமட்டல், அசதி மட்டுமே அறிகுறியாக இருப்பதும் உண்டு. இப்படி ஏதாவது தோன்றினால், சரியான சொல்லைத் தேடிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

1768-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், இந்த இறுக்கத்துக்கு 'ஆஞ்சைனா' என்று பெயர் வைத்தார். மூச்சு முட்ட நெரிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அது. இறுக்கம் என்ற இதே வேரிலிருந்து கிளைத்தவைதான் 'ஆங்ஸைட்டி', 'ஆங்கர்', 'ஆங்விஷ்' மூன்றும். பதற்றம், கோபம், மனவேதனை என்று நாம் தனித்தனியாக நினைக்கும் மூன்றுக்கும் ஒரே படம்: இடம் சுருங்கி, மூச்சு முட்டுகிறது.

மனசு வலிக்கும்போது

மனவேதனைச் சொற்களின் படங்கள் இன்னும் அழுத்தமானவை.

'ஆங்விஷ்' என்பது எந்தப் பக்கமும் திரும்ப முடியாத குறுகிய சந்தில் மாட்டிக்கொண்ட மனசு. காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாயின் நிலைமை.

'அகொனி' கிரேக்கர்களின் போட்டிக் களத்திலிருந்து வந்த சொல். 'அகோன்' என்றால் போட்டி. வலியோடு மல்லுக்கட்டுவது என்பதுதான் உள்ளிருக்கும் படம். கதாநாயகனைக் குறிக்கும் 'ப்ரோடகனிஸ்ட்' என்ற சொல்லும் இதே களத்தில் பிறந்தது.

'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்ற சொல்லுக்குள் சிலுவை இருக்கிறது. லத்தீனில் 'க்ரூக்ஸ்' என்றால் சிலுவை. மெக்கில் பட்டியலோடு சேர்ந்த வலி அளவுகோலில் உச்சியில் இருப்பது இந்தச் சொல்தான். எனவே, சாதாரண தலைவலிக்கு இதைச் செலவழித்துவிடாதீர்கள்.

'க்ரீஃப்' என்பது பாரம். கனமானது என்ற பொருளுள்ள லத்தீன் சொல் 'கிராவிஸ்' அதன் மூலம். பொருள்களைக் கீழே இழுக்கும் 'கிராவிட்டி'யும் அதே குடும்பம். துக்கத்தில் தோள்கள் தொங்கிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இழப்பு நடந்த வீட்டாரை 'பிரீவ்டு ஃபேமிலி' என்பார்கள். 'பிரீவ்' என்பதன் பழைய பொருள் கொள்ளையடிப்பது. மரணம் அந்த வீட்டில் புகுந்து ஒருவரைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. 

இங்கே 'சாரி' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். துக்கம் கேட்கும்போது, 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்பார்கள். அதைக் கேட்டு, 'நீங்க ஏன் மன்னிப்புக் கேக்குறீங்க?' என்று குழம்புபவர்கள் உண்டு. 'சாரி' என்ற சொல் 'சோர்' என்பதிலிருந்து வந்தது. 'எனக்கும் வலிக்கிறது' என்பதே அதன் முதல் பொருள். மன்னிப்புக் கேட்பது பிறகு சேர்ந்துகொண்டது. சோகத்தைக் குறிக்கும் 'சாரோ', கேட்பதற்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும், வேறு வேரில் பிறந்தது. ஒருவரைப் புண்படுத்திவிட்டுச் சொல்லும் 'சாரி'யிலும், உன் வலி எனக்கும் வலிக்கிறது என்ற பழைய பொருளோடு சொன்னால்தான் உயிர் இருக்கும்.

ஏக்கத்துக்கு எத்தனை முகம்!

தண்டனையிலிருந்து 'பெயின்' வந்தது என்று பார்த்தோம். அதே 'போய்னா' பழைய ஆங்கிலத்துக்குள் இன்னொரு வழியாகவும் நுழைந்தது. அப்படிப் பிறந்த சொல் 'பைன்'. அதற்குப் பொருள், ஒருவரையோ ஒன்றையோ நினைத்து நினைத்து ஏங்கி உருகுவது. அதாவது, வலியும் ஏக்கமும் ஆங்கிலத்தில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! காமத்தை 'நோய்' என்று சொன்ன வள்ளுவரைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

'பைன்' சொல்லில் உடம்பு மெலிவதும் அடக்கம். நம் சங்கப் பாடல்களின் தலைவிக்குப் பசலை படர்கிறதே, அதற்கு நெருக்கமான ஆங்கிலச் சொல் இதுதான். எஜமானர் ஊருக்குப் போனதும் சோறு தின்னாமல் வாசலிலேயே படுத்துக் கிடக்கும் நாய்க்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவார்கள்.

'லாங்கிங்' இன்னும் எளிமையானது. 'லாங்' என்றால் நீளம். பழைய ஆங்கிலத்தில் ஏக்கத்தைச் சொல்ல, 'எனக்கு நீள்கிறது' என்ற பொருள்படச் சொன்னார்கள். வேண்டியவர் வரும்வரை நேரம் நீண்டுகொண்டே போகிறதே, அந்தத் தவிப்பே சொல்லாகிவிட்டது. 

'யேர்னிங்' அதைவிட ஆழமும் மென்மையும் உள்ள ஏக்கம். எளிதில் கிடைக்காத ஒன்றின் மீது வருவது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி, விடுதலைக்காகக் காத்திருக்கும் கைதி ஆகியோரின் ஏக்கம் 'யேர்னிங்'. 'ஒரு காபிக்கு யேர்ன் பண்றேன்' என்று விளையாட்டாகத்தான் சொல்லலாம். தின்பண்டத்தின் மீது வரும் அடங்காத ஆசைக்கு 'க்ரேவிங்' என்று தனிச் சொல் இருக்கிறது. 

'மிஸ்' என்ற சொல் தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டது. 'பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்' என்கிறோம். 'உன்னை ரொம்ப மிஸ் பண்றேன்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்தான். குறி தவறுவது அதன் முதல் பொருள். பழக்கத்தில் நீட்டிய கை, அந்த இடத்தில் ஆள் இல்லாமல் வெறுங்கையாகத் திரும்புகிறது. 

நோயாக இருந்த 'நாஸ்டால்ஜியா'

பழைய பாட்டு, பழைய சினிமா, ஸ்கூல் போட்டோ... எதைப் பார்த்தாலும் 'நாஸ்டால்ஜியா' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். இந்தச் சொல் ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது.

1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக இதை உருவாக்கினார். 'நோஸ்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் வீடு திரும்புதல். 'ஆல்கோஸ்' என்றால் வலி. வீடு திரும்ப முடியாத வலி! பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவர், ஊர் நினைப்பிலேயே சாகக் கிடந்ததை அவர் பதிவு செய்தார். அந்த மாணவரை ஊருக்கு அனுப்பிவைத்ததும் உடம்பு தேற ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒரு கிராமத்துப் பெண், மருந்து சாப்பாடு எதையும் ஏற்காமல், வீட்டுக்குப் போக வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்ததையும் எழுதினார். அவரும் வீட்டுக்குப் போனதும் குணமானார்.

அதன் பிறகு, அந்நிய நாடுகளில் கூலிப்படையாகச் சண்டையிட்ட ஸ்விஸ் வீரர்களின் நோயாக இது பேசப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் ராணுவ மருத்துவர்கள் 'நாஸ்டால்ஜியா'வை நோய்ப் பட்டியலில் எழுதிவைத்தார்கள். 20-ம் நூற்றாண்டில்தான் அது நோயாளியின் படுக்கையைவிட்டு எழுந்து, கடந்த காலத்தை நினைக்கும் இனிய ஏக்கமாக மாறியது.

ஹாஸ்டலில் முதல் வாரம் அழும் பிள்ளைக்கு இன்று 'ஹோம்சிக்' என்ற சொல்தான் பொருந்தும். ஊரைப் பிரிந்திருப்பவருக்கு 'ஹோம்சிக்', காலத்தைப் பிரிந்திருப்பவருக்கு 'நாஸ்டால்ஜியா'. ஹோம்சிக் ஆனவர் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்விடலாம். கடந்துபோன காலத்துக்கு டிக்கெட் கிடையாது.

இந்தக் குடும்பத்தில் புதிதாகப் பிறந்த பிள்ளை 'சொலஸ்டால்ஜியா'. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகியபோது, சொந்த மண்ணே அடையாளம் தெரியாமல் மாறிப்போன மக்களின் வேதனைக்குப் பெயர் இல்லை. 2003-ல் அந்நாட்டுத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் இந்தச் சொல்லை உருவாக்கினார். வீட்டைவிட்டு எங்கேயும் போகாமலேயே வரும் வீட்டு ஏக்கம் இது. மீன் பிடித்த ஏரி காணாமல்போனதைப் பார்த்தவர்கள், இந்தச் சொல் தெரியாமலேயே அந்த வலியை அனுபவித்திருப்பார்கள்.

சொல் கிடைக்காதவர்களின் வலி

இத்தனை சொற்கள் இருந்தும், வலிக்கிற நேரத்தில் ஒன்றுகூட வாய்க்கு வராமல் போகலாம். குழந்தைகளுக்கும், ஞாபகம் மங்கிய முதியவர்களுக்கும், மொழி தெரியாத ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்து அழும் முகத்தில் முடியும் ஆறு படங்களைச் சில ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். 1980-களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர் குழந்தைகளுக்காக உருவாக்கிய அளவுகோல் அது. எந்த முகம் என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் தன் விளக்கத்தைத் திருத்தியபோது ஒரு முக்கியமான கருத்தையும் சேர்த்தது: தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும், சொல்ல முடியவில்லை என்பதால் வலியே இல்லை என்று ஆகிவிடாது.

எனவே அடுத்த முறை வீட்டில் யாராவது 'ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால், 'சும்மா இரு, ஒண்ணுமில்லை' என்று கடந்துவிடாதீர்கள். குத்துதா, எரியுதா, இறுக்குதா, இழுக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெளியூரிலிருக்கும் பிள்ளை போனில் 'ஃபீலிங்கா இருக்கு' என்றால், ஊர் நினைப்பா, தனிமையா, பயமா என்று பொறுமையாகக் கேளுங்கள். வலிக்குச் சரியான பெயர் கிடைத்துவிட்டால், மருந்தைத் தேடுவது கொஞ்சம் சுலபமாகிவிடும்.